இரண்டாவதைச் செய்யும் ஞானம்

மும்பையின் பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர்கள் 2007-இல் செய்யத் தொடங்கிய ஒரு சிறு செயற்கைக்கோள், தொடங்கியவர்கள் பட்டம் பெற்று வெளியேற, அவர்களிடம் கற்றவர்களும் வெளியேற, அவர்களுக்கும் பின்னே வந்தவர்களின் கையில் பூர்த்தியாகி, 2016 செப்டம்பர் 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-35 ராக்கெட்டில் விண்ணுக்குச் சென்றது. ‘பிரதம்’ என்று அதற்குப் பெயர். சுமார் 10 கிலோ எடையுள்ள அந்தப் பெட்டிக்கு, அயனி மண்டலத்தில் எலெக்ட்ரான்கள் எவ்வளவு செறிந்திருக்கின்றன என்று அளந்து சொல்லும் பணி விதிக்கப்பட்டிருந்தது. ஒன்பது ஆண்டுகளின் உழைப்பு. ஒரே ஒரு பெட்டி. அந்த உழைப்பின்பால் எனக்குள்ள மரியாதை மிகப் பெரிது. ஆயினும் இங்கே நான் எழுத நினைப்பது வேறு விதமான ஓர் உழைப்பைப் பற்றி.

2019 ஜூலையில், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், கென்னடி விண்வெளி மையத்தை அடுத்து, ஒன்வெப் நிறுவனமும் ஏர்பஸ் நிறுவனமும் சேர்ந்து ஒரு தொழிற்சாலையைத் திறந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிலோ எடையுள்ள செயற்கைக்கோள்கள், நாளொன்றுக்கு இரண்டு வரை அங்கிருந்து வெளிவரும் என்பது ஏற்பாடு. பிற்பாடு ஒன்வெப்பின் செயற்கைக்கோள்களில் 72, 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் முப்பத்தாறு முப்பத்தாறாக நம்முடைய எல்.வி.எம்.-3 ராக்கெட்டிலேயே ஏறிப் போயின. ஒன்றுக்கு ஒன்பது வருஷம் என்ற கணக்கும், ஒரு நாளைக்கு இரண்டு என்ற கணக்கும் ஒரே சொல்லால், ‘செயற்கைக்கோள் செய்தல்’ என்ற ஒரே சொல்லால், குறிக்கப்படுகின்றன.

இவ்விரண்டில் முன்னதே மேலானது, அது தவம், பின்னது வெறும் வியாபாரம் என்று கருதும் வழக்கம் படித்தவர்களிடையே வேரூன்றியிருக்கிறது. முதன்முதலில் ஒன்றைச் செய்தவனுக்கு மாலையிடுகிறோம். அதையே ஐந்நூறாவது முறை பிழையின்றிச் செய்தவனுடைய பெயரைக்கூடக் கேட்பதில்லை. இரண்டாவதைச் செய்வதற்கு முதலாவதைச் செய்ததினின்றும் வேறான ஒரு ஞானம் தேவைப்படுகிறது என்பதும், அந்த ஞானம் இந்த மும்பை நகரத்தில் ஒன்றரை நூற்றாண்டாக நிறைந்து கிடக்கிறது என்பதும், ஆனால் அது ஞானமென்று ஒப்புக்கொள்ளப்படவில்லை என்பதுமே என் அபிப்பிராயம்.

ஒன்றை மட்டும் செய்யும் மரபின் வரலாறு நமக்குப் பரிச்சயமானது. பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையின் கொட்டகைகளில், யு. ஆர். ராவ் அவர்களின் தலைமையில், 360 கிலோ எடையுள்ள ஆர்யபட்டா உருவாகி, 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட்டில் ஏவப்பட்டது. ஆறாண்டுகள் கழித்து, 1981 ஜூன் 19 அன்று, பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியான் ராக்கெட்டில் ‘ஆப்பிள்’ என்ற செயற்கைக்கோள் போயிற்று. அதன் திட்ட இயக்குநராக இருந்தவர், பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரான ஆர். எம். வாசகம். அந்த ஆப்பிளை மாட்டுவண்டியின்மேல் வைத்திருக்கும் புகைப்படத்தைப் பலர் நம்முடைய வறுமைக்குச் சாட்சியாகக் காட்டுவதுண்டு. உண்மையில், ஆன்டெனாவைச் சோதிக்கையில் சுற்றிலும் உலோகம் இருந்தால் அலைகள் அதில் பட்டுத் திரும்பி அளவுகளைக் குழப்பிவிடும் என்பதனால், மரத்தாலான வண்டி வேண்டியிருந்தது. தேவையை அறிந்து கருவியைத் தெரிந்தெடுத்த விவேகம் அது.

இந்த மரபில் வளர்ந்தவர்களுடைய மனோபாவம், இன்னொன்று இல்லை என்ற ஒரே நினைவிலிருந்து பிறந்தது. இன்னொன்று இல்லையாதலால், பரீட்சைக்கென்று ஒரு மாதிரி, தகுதி காண ஒரு மாதிரி, பறப்பதற்கென்று ஒன்று எனத் தனித்தனியே செய்தார்கள்; அதிர்வு மேடையில் குலுக்கினார்கள்; காற்றகற்றிய அறையில் சுட்டும் குளிர்வித்தும் பார்த்தார்கள்; கதிர்வீச்சைத் தாங்கும் விசேஷமான பாகங்களை, மிகுந்த விலை கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். தவறு ஒன்று கண்ணுக்குத் தப்பிவிடுமோ என்பதே அவர்களுடைய இரவுகளின் அச்சம். அந்த அச்சமே அவர்களை மகான்களாக்கிற்று என்று சொன்னாலும் மிகையில்லை.

பல செய்கிறவனுடைய அச்சம் வேறு. அவன் முதல் சிலவற்றை அந்தக் கடுமையோடு சோதித்து, பாகங்களின் குணத்தையும் பூட்டும் முறையையும் தெரிந்துகொண்டபின், அடுத்து வருவனவற்றில் இன்றியமையாத சோதனைகளை மட்டும் நடத்தி, ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் நியாயத்தைத் துணிந்து கைக்கொள்ளுகிறான். கைபேசிக்கும் மோட்டார் வாகனத்துக்கும் செய்யப்படுகிற பாகங்களைச் சோதித்துத் தேர்ந்து வாங்குகிறான். ஒரு செயற்கைக்கோள் பதினைந்து வருஷம் உழைக்க வேண்டியதில்லை, சில வருஷம் உழைத்தால் போதும், அதற்குள் அதனினும் சிறந்த மற்றொன்று மேலே போய்விடும் என்று கணக்கிடுகிறான். இழப்பையும் முன்கூட்டியே கணக்கில் எழுதிவைக்கிறான். 2014 அக்டோபர் 28 அன்று அமெரிக்காவில் அன்டாரீஸ் ராக்கெட் ஏவப்பட்ட சில விநாடிகளில் வெடித்தபோது, பிளானெட் நிறுவனத்தின் 26 சிறு செயற்கைக்கோள்கள் அதனோடு அழிந்தன. அந்த நிறுவனம் அழியவில்லை. ஐந்து கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள அதே இனத்தில் 88, 2017 பிப்ரவரி 15 அன்று நம் பி.எஸ்.எல்.வி. சி-37 ஒரே முறையில் கொண்டுசென்ற 104 செயற்கைக்கோள்களில் அடங்கியிருந்தன.

இதைக் கேட்பவர்கள் இது அசிரத்தைக்குக் கொடுத்த அனுமதியென்று எண்ணிவிடக் கூடாது. வரிசையாகச் செய்யும் இடத்தில் தவறும் வரிசையாகவே பெருகுகிறது. ஒரு டப்பா பசை பழுதாக இருந்தால் அது ஒரு கோளைக் கெடுத்துவிட்டு நிற்பதில்லை, அந்த வாரத்தில் ஒட்டப்பட்ட அத்தனையையும் கெடுக்கிறது. ஒரு திருகை இறுக்குவதில் ஒருவர் கைக்கொண்ட தவறான பழக்கம் நூறு கோள்களில் நூறு முறை பதிகிறது. ஆகவே தவறு தப்பிவிடுமோ என்று அஞ்சுவதோடு, தவறு வழக்கமாகிவிடுமோ என்றும் அவன் அஞ்ச வேண்டியிருக்கிறது. நாள்தோறும் ஒரே காரியத்தைச் செய்துகொண்டே அதை முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பது எளிய சாதனையன்று.

திறமை ஒன்றே போதாதென்பதற்கும் உதாரணம் உண்டு. 1990-களிலேயே மோட்டரோலா நிறுவனம் அரிசோனா மாநிலத்தில் இரிடியம் என்னும் கம்பெனிக்கான செயற்கைக்கோள்களை நாலைந்து நாட்களுக்கு ஒன்றென்ற வேகத்தில் செய்து காட்டிற்று. 1999-இல் இரிடியம் கம்பெனி கடன்பட்டுத் திவாலாயிற்று. செய்யத் தெரிவது வேறு, செய்ததற்குக் கொள்வோர் இருப்பது வேறு.

நம்முடைய கல்லூரிகளின் பக்கம் திரும்புகிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ ‘அனுசாட்’ 2009 ஏப்ரல் 20 அன்று சென்றது. எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் கோள் 2011-இலும், சத்யபாமாவினுடையது 2016-இலும், குமரி மாவட்டத்து நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தினுடையது 2017-இலும் சென்றன. ஒவ்வொன்றும் செய்தித்தாள்களில் இடம்பெற்றது. ஒவ்வொன்றும் அதைச் செய்த பிள்ளைகளுக்கு வாழ்நாள் முழுதும் நிற்கும் கல்வியாயிற்று. ஆனால் பெரும்பாலும் முதலாவதோடு முயற்சி நின்றுவிட்டது. மாணவர் வெளியேறியபோது அவர்கள் விரல்களிலிருந்த அறிவும் வெளியேறிற்று. அடுத்து வந்தவர்களுக்குக் கிடைத்தது கண்ணாடிப் பேழைக்குள் ஒரு மாதிரியும் சுவரில் ஒரு படமும்தான். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. இரண்டாவது ஒன்றைச் செய்யப் பணமும் கௌரவமும் கொடுக்கிற ஏற்பாடு எங்கும் இல்லாதபோது அவர்கள் வேறென்ன செய்திருக்க முடியும்?

விதிவிலக்காக ஒன்றைச் சொல்லலாம். நாடெங்கும் அரசுப் பள்ளிகளில் படிக்கும் 750 பெண் பிள்ளைகளின் பங்களிப்போடு சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு செய்த ‘ஆசாதிசாட்’, 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் பயணத்தில், உரிய பாதையை எட்டாமல் வீணாயிற்று. ஆறே மாதத்தில், 2023 பிப்ரவரி 10 அன்று, இரண்டாவது ஆசாதிசாட் அதே இன ராக்கெட்டின் இரண்டாம் பயணத்தில் ஏறி, உரிய பாதையை அடைந்தது. முதலாவது செய்யப்பட்டபோதே அதைத் திரும்பச் செய்யும் வழியும் கைவசமாகியிருந்தது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் உவப்பான அம்சம். அழுதுகொண்டிருக்க நேரமின்றித் திரும்பவும் மேஜையின்முன் அமர்ந்த அந்தப் பிள்ளைகள், நம் பெரிய ஸ்தாபனங்கள் பலவும் கற்காத பாடத்தைக் கற்றுவிட்டார்கள்.

மும்பைக்கு இந்தப் பாடம் புதிதன்று. 1854-இல் முதல் பஞ்சாலைக் கம்பெனி இங்கே நிறுவப்பட்டதிலிருந்து, ஒரே அகலத்தில், ஒரே நெருக்கத்தில், ஒரே வெண்மையில், மைல் கணக்காகத் துணி நெய்வது எப்படி என்பதே இந்நகரத்தின் பிரதான வித்தையாக இருந்தது. அந்த வித்தைக்கு ஆட்களைப் பயிற்றுவதற்காகவே 1887-இல் விக்டோரியா ஜூபிலி தொழிற்பள்ளி தோன்றி, 1923-இல் மாட்டுங்காவுக்கு வந்தது. 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய ரசாயனத் தொழில்நுட்பத் துறையும் ஜவுளி ரசாயனத்தை ஆதாரமாகக் கொண்டே பிறந்து, பின்பு மாட்டுங்காவில் நிலைகொண்டது. அதற்கும் முன்னரே, 1915 முதல், ரயில் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டும் பெரும் பட்டறை மாட்டுங்காவில் இயங்கி வந்தது. இப்படி, கோயிலுக்கும் காபிக்கும் கர்நாடக சங்கீதத்துக்கும் பேர்போன தமிழர் மாட்டுங்காவைச் சுற்றி, ஒன்றுபோல் பலவற்றைச் செய்யும் சாஸ்திரத்தின் மூன்று பெரிய இருப்பிடங்கள் நின்றுகொண்டிருந்தன. நம்மவர் எழுதிய மாட்டுங்கா நினைவுகளில் இவற்றுக்கு அவ்வளவாக இடம் கிடைத்ததில்லை.

பஞ்சாலைகளில் துணியை வெளுப்பதற்கு உதவிய ஹைட்ரஜன் பெராக்ஸைடு, அதனினும் மிக வீரியமான நிலையில், செயற்கைக்கோள்களை நகர்த்தும் உந்துபொருளாகவும் பயன்படுகிறது. நச்சுத்தன்மை மிகுந்த ஹைட்ரஸீனுக்கு மாற்றாக அதை ஆதாரமாகக் கொண்ட உந்துகருவிகளைச் செய்யும் மனஸ்து ஸ்பேஸ் என்னும் நிறுவனம் இந்த மும்பையில்தான், பவாயில் பயின்றவர்களால், ஆரம்பிக்கப்பட்டது. 1897-இல் பூட்டு செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் வம்சத்தின் விக்ரோளி ஆலையிலும் பி.எஸ்.எல்.வி.க்குரிய விகாஸ் என்ஜின்கள் உருவாயின. பூட்டு செய்பவனுக்கு, எல்லாம் ஒன்றுபோல் இருக்கவேண்டும், ஆயினும் ஒன்றன் சாவி மற்றொன்றைத் திறக்கக் கூடாது என்ற இரட்டை விதி உண்டு; பலவற்றைச் செய்வதென்பது கண்ணை மூடிக்கொண்டு செய்வதல்ல என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தாராவியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்தவர்கள் அங்கே தோல் பதனிடும் தொழிலை வேரூன்றச் செய்தார்கள். பதனிடுதல் நாளடைவில் குறைந்துபோக, தோலிலிருந்து பையும் பர்ஸும் பெல்ட்டும் செய்யும் சிறு கார்கானாக்கள் நிலைத்தன. ஓர் அறையில் அட்டை மாதிரியை வைத்து வெட்டுகிறார்கள். மற்றோர் அறையில் மடிப்புக்கு ஏற்ற மெல்லிய விளிம்பாகச் சீவுகிறார்கள். வேறோர் அறையில் பசையிட்டு மடித்துத் தைக்கிறார்கள். இன்னோரிடத்தில் விளிம்புக்கு வர்ணம் பூசுகிறார்கள். ஒரு பர்ஸ் நாலு சந்துகளைக் கடந்து பர்ஸாகிறது. ஆர்டர் ஆயிரமென்றால் ஆயிரமும் ஒன்றுபோல் இருந்தாக வேண்டும்; பத்து வேறுபட்டால் சேட் முழுவதையும் திருப்பியனுப்புவார். பதினைந்து வயதில் வந்து சேர்ந்த காரிகர், தோலைத் தொட்ட மாத்திரத்தில் எந்தப் பகுதி இழுபடும், எந்தப் பகுதி இழுபடாது என்று சொல்லிவிடுகிறார். இதற்கு எந்தக் கழகமும் பட்டம் தந்ததில்லை.

தாராவியின் தகரக் கூரையின்கீழ் செயற்கைக்கோள் செய்யலாம் என்று நான் சொல்ல வரவில்லை. தூசியை வடிகட்டிய அறையும், ஈரத்தை அடக்கிய காற்றும், நிலைமின்சாரத்தை வடித்துவிடும் தரையும் இல்லாமல் அந்த வேலை நடவாது. ஆனால் பல செயற்கைக்கோள்களின்மேல் பொன்னிறமாகவோ வெள்ளியாகவோ மினுங்கும் போர்வையை நோக்குங்கள். அலுமினியம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் பல அடுக்காக, இடையிடையே வலைத்துணி வைத்து, ஒன்றோடொன்று ஒட்டாதபடி சேர்க்கப்பட்ட போர்வை அது. வெயிலில் வேகாமலும் நிழலில் உறையாமலும் உள்ளிருக்கும் கருவிகளைக் காப்பது அதுவே. அதை மாதிரி வைத்து வெட்டுவதும், மூலைகளில் மடிப்பதும், தைப்பதும் இன்றும் பெரும்பாலும் மனிதக் கைகள்தாம். ஒவ்வொரு தையலும் வெப்பம் கசியும் வழியாகையால் தையல்களைக் குறைக்க வேண்டும். குறைத்தால் போர்வை பிரிந்துவிடக் கூடாது. உள்ளே அடைபட்ட காற்று ஏறும்போது வெளியேறுவதற்குத் துளைகள் வேண்டும். கையுறை அணிந்த விரலின் அழுத்தத்தில் தாள் கசங்கிவிடக் கூடாது. இவ்வளவும் படித்தபோது எனக்குத் தாராவியின் வெட்டும் மேஜைகளே நினைவில் எழுந்தன. நூற்றுக்கணக்கான வயர்களை வளைவுக்கேற்ப அடுக்கி நூலால் கட்டும் வயர்ச் சரமும் அப்படிப்பட்ட கைவேலையே. ஆண்டுக்கு ஒரு கோள் செய்யும் நாட்டில் இவ்வேலைக்கு ஒரு சிலர் போதும். ஆண்டுக்கு நூறு செய்யப்போகும் நாட்டுக்கு இக்கைகள் எங்கிருந்து வரும்?

இங்கே ஒரு பெரிய இடைவெளியும் உண்டு. அதை மறைத்துப் புகழ்ந்தால் அது துரோகமாகும். தாராவியின் அறிவு எழுதப்படாத அறிவு. இந்தப் பையை யார் தைத்தது, எந்த நாளில், எந்த நூலால், அந்த நூல் எந்தச் சிப்பத்திலிருந்து வந்தது என்று அங்கே யாரும் எழுதிவைப்பதில்லை. எழுத வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. செயற்கைக்கோளிலோ ஒவ்வொரு திருகுக்கும் ஜாதகம் உண்டு: எங்கே வாங்கியது, யார் பூட்டியது, எவ்வளவு விசையில் இறுக்கியது, யார் சரிபார்த்தது. மேலே போனபின் ஒன்று மௌனமானால், அதன் உடன்பிறப்புகளில் எவற்றுக்கு அதே வியாதி வரும் என்பதை இந்த ஏடுகளைக்கொண்டுதான் அறிய முடியும். கையில் வித்தையிருந்தும் ஏட்டில் பழக்கமில்லாதவரை அந்த அறைக்குள் யாரும் விடமாட்டார்கள். ஏட்டில் பழக்கமிருந்தும் கையில் வித்தையில்லாதவர்களைக் கல்லூரிகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. இவ்விரு சாராரும் செம்பூருக்கும் சயானுக்கும் இடையில், ஒரே பஸ்ஸில், ஒருவரையொருவர் அறியாமல் பிரயாணம் செய்கிறார்கள்.

தேவை வந்துவிட்டதென்பதில் ஐயமில்லை. அகமதாபாதில் அஜிஸ்டா நிறுவனம் செயற்கைக்கோள் தொழிற்சாலை நடத்துகிறது. 2023 ஜூனில் அதன் முதற்கோள் ஏவப்பட்டது. பெங்களூரின் பிக்ஸெல் நிறுவனம் ஒரே இனத்தில் ஆறு கோள்களை 2025-க்குள் அனுப்பிவிட்டது. ஹைதராபாதின் துருவா ஸ்பேஸ் உள்ளிட்ட நிறுவனங்களோடு கூட்டாகப் பன்னிரண்டு கோள்களைச் செய்து இயக்கும் பொறுப்பும் அதற்கு அளிக்கப்பட்டிருக்கிறது. நாட்டின் பாதுகாப்புக்கென 2024 அக்டோபரில் அனுமதிக்கப்பட்ட 52 கோள்களில் 31 தனியாரிடமிருந்து வர வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில், 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ஏவுதளம் எழும்பிக்கொண்டிருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவப்படும் ராக்கெட் இலங்கையைத் தவிர்ப்பதற்காக வளைந்து செல்ல வேண்டியிருக்கிறது, அந்த வளைவின் எரிபொருட்செலவைச் சிறிய ராக்கெட்டால் தாங்க முடிவதில்லை. குலசேகரப்பட்டினத்திலிருந்து அது நேரே தென்கடலின்மேல் போகலாம். அங்குள்ள முத்தாரம்மன் கோயில் தசராவுக்கென்று ஆண்டுதோறும் மும்பையிலிருந்து ரயிலேறும் தாராவிக் குடும்பங்களுக்கு அந்தக் கரை அந்நியமானதல்ல.

பலவற்றைச் செய்பவனுக்குப் பலவற்றின் முடிவையும் நினைக்கும் கடமை இருக்கிறது. 2009 பிப்ரவரி 10 அன்று இரிடியம் கோள் ஒன்றும் செயலிழந்த ரஷ்யக் கோள் ஒன்றும் சைபீரியாவுக்கு மேலே மோதி, இரண்டும் எண்ணற்ற துணுக்குகளாகச் சிதறின. 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் கோள்களில் ஏறத்தாழ 40, சூரியப் புயலால் சூடேறித் தடித்த மேல்வளியில் அகப்பட்டு விழுந்துபோயின. அப்படிப்பட்ட புயல்களின் வழியை, உதகையின் சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் ரேடியோ தொலைநோக்கி அரை நூற்றாண்டாக ஆராய்ந்து வருகிறது; அது கொலாபாவிலுள்ள டாடா ஆராய்ச்சிக் கழகத்தினுடையது, 1970 முதல் இயங்குவது. வானத்தில் பேசும் யந்திரங்கள் பெருகப் பெருக, விண்ணின் மெல்லிய ஒலிகளைக் கேட்கும் இத்தகைய செவிகளுக்கு இரைச்சல் மிகும். ஆகையால் ஆயுள் முடிந்ததும் தானே இறங்கி எரிந்துபோகும் உபாயமும், வெளிச்சத்தையும் அலைகளையும் அடக்கிக்கொள்ளும் உபாயமும், முதல் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும்; நூறு செய்தபின் நூற்றையும் திருத்த இயலாது.

கைவித்தையையும் ஏட்டறிவையும் ஒன்றுசேர்க்க, மாட்டுங்காவில் மேற்சொன்ன இரு கல்விக் கழகங்களும் மனம்வைத்தால், ஒரு பயிற்சிப் பட்டறையை இன்றே தொடங்கலாம். பாதி இடம் தாராவியின் காரிகர்களுக்கு, பாதி இடம் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு. ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவர் கற்க வேண்டும். பரீட்சை ஒன்றே: ஒரே வயர்ச் சரத்தையோ ஒரே போர்வையையோ இருபது முறை செய்து, ஒவ்வொன்றுக்கும் ஏடு எழுதி, எட்டாவது ஏன் ஐந்தாவதினின்று வேறுபட்டதென்று விளக்க வேண்டும். காரிகர் தமிழிலோ இந்தியிலோ உருதுவிலோ எழுதலாம். பயிலும் மாதங்களில் அவருக்கு இழப்பாகும் கூலியை, கோள் வாங்கப்போகும் நிறுவனங்கள் ஈடுசெய்ய வேண்டும். தேறியபின் அவர் பெறும் சம்பளம் பக்கத்து மேஜையில் அமரும் பொறியாளரின் சம்பளத்தினின்று வெகுதூரம் தாழ்ந்திருக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைக்கு இணங்காத பட்டறையை நான் ஆதரிக்கமாட்டேன்.